நாங்கள் ஜெபித்த தண்ணீர்

அந்த வாரம் முழுவதும் நாங்கள் தண்ணீருக்காக ஜெபித்தோம்.

சித்திரை வெயிலில் முல்லைப் பெரியாறு ஒடுங்கிக் கிடந்தது. உத்தமபாளையம் தாண்டி, தென்னந்தோப்புக்குப் பின்னால் எங்கள் சபை வழக்கமாக ஞானஸ்நானம் கொடுக்கும் இடத்தில், குடிநீருக்காக விடுகிற கொஞ்சம் தண்ணீர் மட்டும் கற்களுக்கு நடுவே வழிந்துகொண்டிருந்தது. கணுக்கால் நனையும், அவ்வளவுதான். எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம். ஆள் முழுவதுமாகத் தண்ணீருக்குள் போய் எழுந்திருக்க வேண்டும். ஆகவே புதன்கிழமை உபவாச ஜெபத்தில், "ஆண்டவரே, தண்ணீரைக் கொடும்" என்று பாஸ்டர் கேட்டார். நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன், மனசில்லாமல்.

ஏனென்றால் முழுக்கு எடுக்கப்போவது என் மகள்.

நான் தண்ணீர் தெளிக்கிற சபையில் பிறந்து வளர்ந்தவன். என் மகளுக்கும் கைக்குழந்தையாக இருந்தபோது நெற்றியில் தெளித்துத்தான் பெயரிட்டோம். பிறகு வீடு மாறி, இந்தச் சிறிய சபைக்கு வர ஆரம்பித்தோம். கல்லூரியில் இரண்டாம் வருடம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, நான் முழுக்கு எடுக்கப் போறேன்" என்றாள். அனுமதி கேட்கிற குரல் இல்லை. என் மனைவி சந்தோஷத்தில் கண் கலங்கினாள். நான் கேட்ட முதல் கேள்வி, "ஆறு எவ்வளவு ஆழம்?"

நான் அப்படிப்பட்ட ஆள். பள்ளிக்கூட ஆசிரியர்; நாள் முழுவதும் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவன். ஆனால் என் ஒரே பிள்ளை கல்லூரிக்குப் பஸ் ஏறினால், 'வந்து சேர்ந்துட்டேன்' என்று செய்தி வருகிற வரைக்கும் என்னால் வருகைப் பதிவுகூட எடுக்க முடியாது. அவள் சைக்கிள் பழகியபோது பின்னாலேயே ஓடி, நான்தான் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டேன். தேவன் காப்பார் என்று நம்புகிறேன். அதே சமயம் நானும் பக்கத்தில் இருந்துகொள்கிறேன். இதை அவள் கிண்டல் செய்வாள். "அப்பா ஆண்டவருக்கே அசிஸ்டென்ட்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு முன்பு, விடிந்ததும் ஆற்றுக்குப் போனோம். இரண்டு பேர்தான் அன்று ஞானஸ்நானத்துக்கு. ஒருத்தி என் மகள். இன்னொருவர் இட்லிக்கடை அக்கா. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறவர். கணவர் தவறிய பிறகு எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தார். அதற்கு முன்பு வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வருடம் தவறாமல் நேர்த்திக்கடன் செலுத்தியவர். எதையும் பட்டென்று பேசிவிடுவார். சபையில் அவர் ஜெபித்தால் கடையில் மாவு கேட்டு அதட்டுகிற மாதிரியே இருக்கும்.

ஆற்றின் நடுவில் ஒரு பாறை உண்டு. ஒரு லாரி நிற்கிற அளவு அகலம். அதற்கு அந்தப் பக்கம்தான் கசம். ஆறு எவ்வளவு வற்றினாலும் அந்தப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். கசத்துக்கு அப்பால் செங்குத்தான மண்கரை; அதில் யாரும் ஏற முடியாது. ஆகவே இந்தக் கரையிலிருந்து கற்களில் கால் வைத்துப் பாறைக்குப் போய், பாறையிலிருந்து கசத்தில் இறங்க வேண்டும். கரையில் பெண்கள் புடவைகளை விரித்துப் பிடித்து, உடை மாற்றுவதற்கு மறைப்புக் கட்டினார்கள். மற்றவர்கள் கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள்.

"குடும்பத்தாரு கரையிலயே இருக்கலாம்" என்றார் பாஸ்டர்.

"துண்டு எடுத்துட்டு வர்றேன் பாஸ்டர். ஈரத்தோட நிக்கக்கூடாதுல்ல" என்றேன்.

என் மகள் வெள்ளைச் சுடிதாரில் நின்றுகொண்டு சிரித்தாள். "விடுங்க பாஸ்டர். அப்பா வரலேன்னா கரையில இருந்து சத்தம் போட்டுட்டே இருப்பாரு. அதுக்கு இங்கனயே இருக்கட்டும்."

அப்படித்தான் அவர்கள் மூவரோடு நானும் பாறைக்குப் போனேன். தோளில் இரண்டு துண்டு, கையில் குளுக்கோஸ் கலந்த பாட்டில். கால் நனைந்தது, செருப்புகூட முழுதாக நனையவில்லை.

பாஸ்டர் கசத்தில் இறங்கிப் பார்த்தார். தண்ணீர் அவருக்கு இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. "போதாது" என்று உதட்டைப் பிதுக்கினார். பாறை மேல் ஏறி, கைகளை உயர்த்தி மறுபடியும் ஜெபிக்கத் தொடங்கினார். அவர் ஜெபம் நீளமானது. நான் கண்ணை மூடாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையின் ஓரத்தில் உலர்ந்து வெளுத்திருந்த பாசி மெல்ல நனைந்து கறுத்தது. கொஞ்ச நேரம் அது எனக்குப் புரியவில்லை. பிறகு நாங்கள் கால் வைத்து வந்த கற்களில் ஒன்று மூழ்கியது. அப்புறம் இன்னொன்று.

"பாஸ்டர், தண்ணி ஏறுது" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். பார்த்தார். மீண்டும் கசத்தில் இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தாண்டி வயிற்றைத் தொட்டது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். "ஸ்தோத்திரம்!" என்று கத்தினார். கரையில் இருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. பாட்டு பலத்தது. என் மனைவி இரண்டு கைகளையும் தூக்கி அழுதாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை வருடமாகக் கேட்டு, பதிலைத் தேடித் தேடிக் களைத்த எனக்கு, கேட்டது கேட்டபடி கண் முன்னால் ஏறி வருகிற காட்சி முதல் முறையாகக் கிடைத்தது. நானும் கைதட்டினேன்.

பாஸ்டர் இட்லிக்கடை அக்காவை முதலில் கூப்பிட்டார். அவர் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். பாஸ்டர் ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கி, தண்ணீருக்குள் சாய்த்து எழுப்பினார். எழுந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐஸா இருக்கு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். செம்மண் கலந்திருந்தது. ஒரு வாழைமட்டை சுழன்று போனது.

"அடுத்து நீங்க வாங்க" என்று என் மகளைப் பார்த்துக் கையை நீட்டிய பாஸ்டர், நின்ற இடத்திலேயே தடுமாறினார். தண்ணீர் அவரை இழுத்தது. நான் மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். பாஸ்டரும் அக்காவும் பாறையைப் பிடித்து ஏறி வந்தார்கள்.

"ஏ ஆத்தா!" என்றார் இட்லிக்கடை அக்கா. சொன்ன வேகத்தில் தன் வாயிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டார். "சார், இது வீரபாண்டித் தண்ணியாச்சே! திருவிழாவுக்குத் தொறந்து விட்டிருக்காக!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வருடா வருடம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்காக அணையிலிருந்து ஆற்றில் தண்ணீர் விடுவார்கள். பக்தர்கள் குளிக்க வேண்டும் அல்லவா. இந்தப் பள்ளத்தாக்கில் இது தெரியாத ஆள் கிடையாது. ஆற்றோரக் கிராமங்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டும் போவார்கள். ஆனால் பாஸ்டர் நெல்லைப் பக்கத்துக்காரர். வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எனக்கு அந்தத் திருவிழா என்றால் உள்ளூர் விடுமுறை, பஸ் நெரிசல், அவ்வளவுதான். சபையில் யாருடைய வீட்டுக் காலண்டரிலும் அந்தத் தேதியை யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கும்போது பாஸ்டர் கேட்டதெல்லாம், யாருக்காவது கல்யாண வீடு இருக்கிறதா என்பதுதான்.

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது, வந்த வழி இல்லை. கரைக்கும் பாறைக்கும் நடுவில் கற்கள் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரே வேகம். கரையில் சிலர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் முகம் தெரியவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவள் கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவள் வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. ஆற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது.

"அப்பா, ஒங்களுக்கு நீச்சல் தெரியும்ல?" என்றாள் மகள்.

"தெரியாது."

"சின்ன வயசுல கெணத்துல குதிச்சேன்னு சொன்னீங்களே?"

"குதிச்சேன். தூக்குனாக."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது போய்விட்டது.

தண்ணீர் மேலும் ஏறியது. பாறையின் தாழ்ந்த பகுதி மறைந்தது. துண்டும் பாட்டிலும் எப்போது போயின என்று தெரியவில்லை. நாங்கள் நான்கு பேரும் உயர்ந்த முனைக்கு நகர்ந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். எந்தத் திசையிலும் ஒரு அடி நகர முடியாது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் அது நிற்கிற மாதிரியும், பாறை எங்களோடு நீரோட்டத்துக்கு எதிராக ஓடுகிற மாதிரியும் தோன்றி, தலை சுற்றியது. "கீழ பாக்காத" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே நான் கீழே பார்த்தேன்.

பாஸ்டர் என் காதருகே வந்து சொன்னார்: "சார், இப்ப தொடையளவுதான் இருக்கும். விசுவாசத்தோட கையக் கோத்துக்கிட்டு இறங்கிருவோம். இன்னும் ஏறிச்சுன்னா முடியாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏறிக்கொண்டே போனால் பாறையே மூழ்கும். இப்போது இறங்கினால் கரை கண்ணுக்கு எட்டிய தூரம்தான். என் மனைவியின் புடவைக் கரைகூடத் தெரிகிறது. ஆனால் அந்த வேகத்தில் தொடையளவு போதும், ஆளைத் தூக்க.

"அப்பா, என்ன செய்ய? நீங்க சொல்லுங்க" என்றாள் மகள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்வது, எதை விடுவது என்று குழம்பினால், ஜெபித்துவிட்டு, உள்ளத்தில் சமாதானம் வருகிறதா என்று பார்ப்போம். சமாதானம் இருந்தால் ஆண்டவர் வழிநடத்துகிறார். இல்லையென்றால் நிற்க வேண்டும். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, வாடகை வீட்டை மாற்றுவதா, முதுகுவலிக்கு ஆபரேஷன் செய்வதா, எல்லாவற்றுக்கும் நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு பக்கம் மனசு சாயும். அதைப் பிடித்துக்கொண்டு போவேன்.

அங்கேயும் கேட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே கேட்டேன். இறங்கவா, நிற்கவா, ஒரு வார்த்தை சொல்லும் என்றேன். இறங்குவது என்று நினைத்தால் மனசு பின்வாங்கியது. நிற்பது என்று நினைத்தாலும் அதேதான். இரண்டு பக்கமும் சமாதானம் இல்லை. என் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் என் முகத்தில் எழுதி வரும் என்பதுபோல. எனக்குள் ஆற்றின் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை.

"எனக்குத் தெரியல, பாப்பா" என்றேன்.

அதுவரை என் மகளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

பாஸ்டர் பொறுக்கவில்லை. "நான் மொதல்ல போறேன். கால் நின்னுச்சுன்னா ஒங்களக் கூப்புடுறேன்" என்று பாறையின் சரிவில் ஒரு காலை வைத்தார். இரண்டாவது காலை எடுத்தாரோ இல்லையோ, ஆள் சரிந்தார். இட்லிக்கடை அக்கா பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். நான் பாஸ்டரின் கையைப் பிடித்தேன். என் மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அவர் உடம்பு துணி மாதிரி ஆற்றோடு நீண்டு கிடந்தது. நாங்கள் மூவரும் இழுத்தோம். எப்படியோ அவர் பாறையில் வயிறு தேய ஏறினார். முழங்கையெல்லாம் ரத்தம். குப்புறக் கிடந்து இருமினார்.

"என்ன பாஸ்டர்" என்றார் அக்கா, மூச்சு வாங்க. "என்னைய நீங்க முக்கி எடுத்தீக. பத்து நிமிசங்கூட ஆகல, ஒங்கள நாங்க முக்கி எடுக்கிறதாப் போச்சே."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகுதான் என்னால் மூச்சு விட முடிந்தது.

கரையைப் பார்த்தேன். என் மனைவியைக் காணவில்லை. அவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அவள் செருப்பில்லாமல் தென்னந்தோப்பு வழியாகக் கம்பம் சாலைக்கு ஓடியிருந்தாள். அந்தச் சாலையில் அந்த நாட்களில் விடியற்காலையிலிருந்தே மஞ்சள் உடுத்தியவர்கள் வீரபாண்டிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கோயிலில் நட்டிருக்கும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்த ஒரு லோடு ஆட்டோவின் குறுக்கே போய் அவள் நின்றிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. "ஆத்துல என் பிள்ளை" என்று மட்டும் சொன்னதாக அவர்கள் பிறகு சொன்னார்கள்.

தோப்புக்குள்ளிருந்து மஞ்சள் வேட்டிகள் ஓடி வருவதைப் பார்த்தேன். ஒருவர் தோளில் கயிறு. இன்னொருவர் கையில் லாரி டியூப். ஆற்றில் பிள்ளைகளைக் குளிக்க வைக்கக் காற்றடித்துக் கொண்டுவந்தது. அவர்கள் எங்களுக்கு நேராக வரவில்லை. கரையோடு மேலே, நீரோட்டத்துக்கு எதிராக ஓடி மறைந்தார்கள். எங்களை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்து, நான் என் தொண்டை கிழியக் கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து டியூப் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு தலைகள். ஆறு அவர்களைச் சாய்வாகக் கொண்டுவந்து பாறையில் மோதவிட்டது. டியூபில் கட்டிய கயிற்றின் மறுமுனை கரையில் ஒரு தென்னையைச் சுற்றியிருந்தது. அதை ஆள்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் பாறையில் ஏறி, தலையை உதறி, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கையில் மஞ்சள் காப்புக் கயிறு.

"பாட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு. சரி, கூட்டம் போடுறாகன்னு நெனச்சோம்" என்றார். "இங்கன வந்தா போடுவீக?"

அக்காவைப் பார்த்ததும் அவர் வாய் பிளந்தது. "ஏக்கா, நீயா! நீ ஆயிரங்கண் பானை எடுத்தவல்ல? ஒனக்குமா தண்ணி வர்ற நாளு தெரியாது?" உடம்பெல்லாம் துளையிட்ட பானைக்குள் விளக்கேற்றித் தலையில் சுமந்து போகிற நேர்த்திக்கடன் அது.

"தெரியும்டா. மறக்கணும்னு மறந்தேன். அது இப்படி வந்து காலைக் கட்டும்னு கண்டேனா? பேசாம பிள்ளையத் தூக்கு மொதல்ல."

என் மகளை டியூபுக்குள் நுழைத்து, கைகளை மேலே போடச் சொன்னார்கள். "ஆத்தா, பயப்படாத. மூச்சப் பிடிச்சிக்க. எது வந்தாலும் டியூப்ப விட்டுறாத. இவரு பக்கத்துலயே வருவாரு." நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"சார், கைய விடுங்க" என்றார் மூத்தவர்.

"சரி" என்றேன். கை விடவில்லை.

"நீங்க பிடிச்சா ரெண்டு பேரும் போவீக சார். விடுங்க."

நான் விட நினைக்கிறேன். மூளை சொல்கிறது, விரல்கள் கேட்கவில்லை. இட்லிக்கடை அக்கா குனிந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசி விரல் விலகியதும் ஆறு அவளை எடுத்துக்கொண்டது.

கயிறு இறுகி, டியூப் வளைந்து, கரையை நோக்கித் திரும்பிய இடத்தில் ஏதோ ஒரு கட்டை மோதியது. டியூப் கவிழ்ந்தது. வெள்ளை உடை இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. கூட நீந்தியவரின் தலை தெரிகிறது, என் மகள் தெரியவில்லை.

அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் கண் இமைக்கிற நேரம் என்கிறார்கள். நான் அந்த நேரத்தில் ஜெபிக்கவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆண்டவர் பெயர்கூட வாயில் வரவில்லை. எனக்குள் ஒன்றுமே இல்லாமல் போன நேரம் அது. பிறகு டியூப் புரண்டது. அவள் அதிலேயே இருந்தாள். விடாமல் பிடித்திருந்தாள். கரையில் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். என் மனைவி அவள் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் மடியில் ஓடியது.

டியூப் மறுபடி மேலேயிருந்து வந்தது. அடுத்து அக்கா. அப்புறம் நான். நான் வந்தது எனக்கு நினைவே இல்லை. கடைசியாகத்தான் வருவேன் என்று பாஸ்டர் அடம்பிடித்தார். அவர் கரையேறிய கொஞ்ச நேரத்தில் பாறையின் முனைமேல் தண்ணீர் புரண்டது.

கரையில் யாரும் பாடவில்லை. பாஸ்டர் அந்த மூத்தவர் முன்னால் கை கூப்பி நின்றார். "ஒங்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கட்டுமா?" என்றார் கடைசியில்.

"ஜெபிங்க, வேணாங்கல. சீக்கிரமா முடிங்க, வண்டி நிக்கிது."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பாஸ்டர் வாழ்க்கையிலேயே சின்னதாகச் செய்த ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். முடிந்ததும் அந்த மனிதர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "சாமி, அடுத்த வாட்டி நாள் குறிக்கும்போது எங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஒங்க சாமிக்குத் தண்ணி வேணும்னாலும் எங்க ஆத்தா தேதியப் பாத்துத்தான் வரணும்போல." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார். பிறகு அழுதார்.

அடுத்த ஞாயிறு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஆபத்திலிருந்து தப்பியவர்கள் சபை முன்னால் நின்று தேவன் காத்ததைச் சொல்ல வேண்டும். அதுதான் எங்களிடம் முறை. அதற்குள் சபைக்குள் இரண்டு கட்சி உருவாகியிருந்தது. தண்ணீரை அனுப்பியதும் ஆண்டவர், காத்ததும் ஆண்டவர் என்றது ஒரு கட்சி. தண்ணீரைக் கொண்டுவந்தது சத்துருவான சாத்தான், காத்தது மட்டும் ஆண்டவர் என்றது இன்னொரு கட்சி. நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்று இரு கட்சியாரும் காத்திருந்தார்கள்.

நான் சொன்னது இவ்வளவுதான். பாறையில் நின்று வழி கேட்டேன். எனக்கு எந்த வார்த்தையும் வரவில்லை. வராததால் நின்ற இடத்திலேயே நின்றோம். மஞ்சள் வேட்டி கட்டிய அண்ணன்மார் வந்தார்கள். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். இதில் எது வழிநடத்துதல், எது பாதுகாப்பு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், ஆண்டவர் அன்று காலை அந்த லோடு ஆட்டோவில் வந்தார் என்று நம்புகிறேன். உட்கார்ந்துவிட்டேன். ஓரிருவர் மெதுவாக ஆமென் என்றார்கள். இட்லிக்கடை அக்கா பின்வரிசையிலிருந்து சத்தமாகச் சொன்னார்.

அதோடு நான் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வீட்டில் குழாயில் வாளி நிறைகிற சத்தம் கேட்டால் எழுந்து போய் மூடுகிறேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தரை நகர்கிற மாதிரி இருக்கும், மேசையைப் பிடித்துக்கொள்வேன். மகளை வெளியே விட முடியவில்லை. தோழியின் வீட்டுக்கு, கடைக்கு, எதற்கும் ஒரு காரணம் சொல்லித் தடுத்தேன். மழைக்காலம் தொடங்கியதும் கல்லூரிக்கே நான் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன்.

ஒரு நாள் அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "பாறையில இருந்து எல்லாரும் வந்துட்டோம்பா. நீங்கதான் இன்னும் அங்கனயே நிக்கிறீங்க. என்னையும் பிடிச்சு வச்சிருக்கீங்க."

நான் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன்.

"நான் முழுக்கு எடுக்கணும்" என்றாள் பிறகு.

"அன்னைக்கே முழுக்க முங்கித்தான எழுந்த?" என்றேன் எரிச்சலோடு.

"அது விழுந்தது. இது நானா போறது. ரெண்டும் ஒண்ணா?"

கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விசுவாசியின் திராட்சைத் தோட்டத்தில், பம்புசெட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. நெஞ்சளவு தண்ணீர் பிடிக்கும், ஓடாது, ஏறாது. பாஸ்டர் அங்கே நாள் குறித்தார். ஆற்றுப் பேச்சை இனி அவர் எடுக்க மாட்டார். இருந்தும் நான் ஒவ்வொரு காரணமாகச் சொன்னேன். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க வரலேன்னாலும் அவ போவா. அவ போறப்ப நீங்க எங்க இருக்கப்போறீக, அத மட்டும் முடிவு பண்ணுங்க" என்றாள்.

போனேன். ஆனால் உள்ளே போக முடியவில்லை. தோட்டத்தின் கம்பி வாசலுக்கு வெளியே, சாலைப் பக்கம் திரும்பி நின்றேன். பந்தலுக்குக் கீழே பாடுகிறார்கள். திராட்சைக்கு மருந்து அடித்த வாசனை. பம்பை நிறுத்தியிருந்தார்கள், எனக்காகத்தான் என்று பிறகு தெரிந்தது. பாட்டு நின்றது. பாஸ்டரின் குரல் கேட்டது, என் மகளின் பெயர் கேட்டது. தண்ணீர் கலைகிற சத்தம்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற அமைதி. எனக்குத் தெரியும், அது மிகச் சிறிய நேரம். திரும்பிப் பார்க்காமல் நின்றேன். "அவளைப் பார்த்துக்கொள்ளும்" என்றேன். ஆற்றில் சொல்ல முடியாமல் போனதை அங்கே சொன்னேன். நான் பக்கத்தில் இல்லை, என் கை அவளுக்கு எட்டாது; அதையும் சேர்த்துச் சொன்னேன்.

உள்ளே அவள் இருமினாள். மூக்கில் தண்ணீர் ஏறிய இருமல். பிறகு யாரோ ஏதோ சொல்ல, சிரித்தாள்.

"சார்!" என்று இட்லிக்கடை அக்காவின் குரல் பந்தலைத் தாண்டி வந்தது. "வெளிய வந்துட்டா. நீங்களும் உள்ள வாங்க!"

வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பயத்தோடே வாசலைத் தள்ளினேன்.